புயல் இரவில் செல்போன் போதாது. வீட்டுக்கு ஒரு வானொலி வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் கடலோர மாவட்டக் குடியானவனுக்கு வயிற்றில் புளி கரையத் தொடங்கும். சம்பா தூர்கட்டி நிற்கும் சமயம் அது. வாழை தார் தள்ளியிருக்கும். தென்னையில் காய் பிடித்திருக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரி நிரம்பாது. அதே மழை புயலாகத் திரண்டு வந்தால் தோப்பு மிஞ்சாது. மழையை வேண்டிக்கொண்டே மழைக்கு அஞ்சவும் வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு மாதமும் விவசாயிக்கு வானிலைச் செய்தி விதைநெல்லைப்போல் முக்கியமானது. செய்திக்கு இன்று பஞ்சமில்லை. கையில் செல்போன், கூடத்தில் டெலிவிஷன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றியதுமே ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் செய்தி எந்த நேரத்தில் மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த நேரத்தில்தான் அது நின்றுபோகிறது.

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 15-ந் தேதி நள்ளிரவுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தது. மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் வேகக் காற்று. இடையிடையே 140 வரை வீச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்ததைச் சொல்லவே வேண்டாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் போனதும் டெலிவிஷன் ஊமையாயிற்று. செல்போன் கோபுரங்கள் சில சாய்ந்தன. நின்றவையும் பாட்டரி தீர்ந்ததும் செயலற்றுப் போயின. உள்ளூர் கிராமங்கள் பலவற்றில் விளக்கெரிய வாரக்கணக்கில் ஆயிற்று. புயல் எங்கே போகிறது, காற்று எப்போது அடங்கும், சாலை திறந்திருக்கிறதா, நிவாரண முகாம் எங்கே என்று கேட்கவும் சொல்லவும் வழியில்லாமல் குடும்பங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தன.

இரண்டு செல் போட்ட ஒரு சிறு டிரான்சிஸ்டர் அந்த வீடுகளில் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளில் பாதிக்காவது விடை கிடைத்திருக்கும். அதற்குக் கோபுரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். ஒலிபரப்பு நிலையம் எங்கோ நூறு கிலோமீட்டர் தள்ளி, புயல் தொடாத ஊரில் நின்றால்கூடப் போதும்.

செல்போனில் எல்லாம் வருகிறதே என்பார்கள். பகலில், காற்று வருமுன், வருவது உண்மை. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லாக் கைபேசிகளும் ஒரே சமயத்தில் அலறி, சோதனைச் செய்தி காட்டியது பலருக்கு நினைவிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுவருவதும் கோபுரமே. கோபுரம் நின்றால் செய்தியும் நின்றது. தவிர, செல்போனில் வானிலை மைய அறிக்கையும் வாட்ஸ்அப் வதந்தியும் ஒரே வழியில் வருகின்றன. போன வருடப் படத்தை இந்த வருடம் என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வானொலியில் அந்தத் தொல்லை இல்லை.

டெல்டா விவசாயிக்கும் வானொலிக்கும் உறவு புதிதல்ல. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டே பலர் அதை விதைத்தார்கள். அதனால் ஊரில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நின்றது. தபால் ஆபீசில் லைசென்சு கட்டி வானொலி கேட்ட காலம் அது. லைசென்சு ஒழிந்தது, பெட்டியின் விலை இறங்கியது. ஆனால் பெட்டியோ பரண் ஏறிவிட்டது.

தூங்குகிறவனை எழுப்பும் பெட்டி

அமெரிக்காவில் வானிலைக்கென்றே தனி வானொலி இருக்கிறது. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகள்; இருபத்து நான்கு மணி நேரமும் வானிலைச் செய்தி மட்டுமே. அங்கே வீட்டில் வைக்கும் பெட்டி மற்ற நேரம் வாய் மூடிக் கிடக்கும். சூறாவளியோ வெள்ளமோ வருகிறதென்றால் நிலையத்திலிருந்து ஒரு குறியீடு வரும். பெட்டி தானாக விழித்து, அலறி, செய்தியைச் சொல்லும். தன் வட்டாரத்தின் எண்ணைப் பெட்டியில் பதிந்து வைத்துவிட்டால் அடுத்த வட்டாரத்து எச்சரிக்கைக்கு அது எழுப்பாது. மின்சாரம் போனால் உள்ளே பாட்டரி உண்டு. ஜப்பானிலும் 1985 முதல் ஒலிபரப்புச் சமிக்ஞையால் பெட்டியை எழுப்பும் முறை இருக்கிறது.

இங்கே அப்படி எதுவும் இல்லாமல் போகவில்லை. 1983-ல் இன்சாட்-1பி ஏவப்பட்ட பிறகு, அந்தச் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை இந்திய வானிலைத் துறை செய்தது. சென்னையிலிருந்து குறியீடு போகும். எந்த மாவட்டத்துக்குச் செய்தியோ அந்த மாவட்டத்துப் பெட்டிகள் மட்டும் சங்கு ஊதி விழித்து, அந்தந்த மொழியிலேயே எச்சரிக்கையைச் சொல்லும். முதலில் பெட்டிகள் வைக்கப்பட்டது வட தமிழகக் கரையிலும் தென் ஆந்திரக் கரையிலும்தான். உலகத்துக்கே முன்மாதிரியான வேலை. ஆனால் அந்தப் பெட்டிகள் வைக்கப்பட்டது அரசு அலுவலகங்களில். அலுவலகத்தில் ஒலித்த சங்கு களத்துமேட்டுக் குடிசைக்கு எட்ட, நடுவில் தாசில்தார், கிராம அதிகாரி, தலையாரி என்று பல கைகள் தேவைப்பட்டன. நள்ளிரவில் அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்க நேர்ந்தது. தென்பெண்ணைக் கரையில் ஊரும் வயலும் மூழ்கின. எச்சரிக்கை விடுத்தோம் என்று அரசு சொன்னது. வந்து சேரவில்லை என்று கரையூர்களில் சொன்னார்கள். இரண்டும் மெய்யாக இருக்கக்கூடும். விடுத்த எச்சரிக்கை தூங்குகிறவன் காதில் விழவில்லை என்றால் அவனைப் பொறுத்தவரை அது விடுக்கப்படவே இல்லை.

ஆகவே எழுப்பும் பெட்டி வீட்டுக்கு வரவேண்டும். ஆற்றங்கரை, கடற்கரைக் கிராமங்களில் தெருவுக்கு ஒன்றாவது அரசு கொடுத்தால் நல்லது. இலவசமாகக் கொடுத்த எத்தனையோ பெட்டிகளைவிட இது அதிகப் பயன் தரும். அது வரும்வரை கையில் இருக்கும் சாதாரண டிரான்சிஸ்டரைத்தான் பழக்க வேண்டும்.

வாங்குவதும் வைப்பதும்

இங்கே ஒரு எச்சரிக்கை. கையால் சுற்றினால் சார்ஜ் ஏறும், வெயிலிலும் ஏறும் என்று ‘வெதர் ரேடியோ’ பெட்டிகள் இப்போது விற்கிறார்கள். அவற்றில் உள்ள வெதர் அலைவரிசை அமெரிக்காவுக்கானது. அதில் ஒலிபரப்பு இங்கே கிடையாது. எவ்வளவு திருப்பினாலும் இரைச்சல்தான் வரும். சுற்றும் கைப்பிடிக்காகவும் டார்ச்சுக்காகவும் வாங்குவதானால் வாங்கலாம். வானிலைக்காக அதிக விலை தரவேண்டாம். எண் காட்டும் பெட்டியாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீடியம் வேவ் நிலையங்கள் இங்கே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவில் 10. இடைவெளியை மாற்றும் வசதி இல்லாவிட்டால் நிலையம் சரியாகப் பிடிக்காது. முள் நகரும் பழைய மாதிரிப் பெட்டிக்கு இந்தச் சங்கடமே இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அதுவே போதும். மீடியம் வேவும் எப்.எம்.மும் இரண்டும் இருக்க வேண்டும்.

எப்.எம். தெளிவாகக் கேட்கும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. காரைக்கால் வானொலி 100.3 மெகாஹெர்ட்ஸில் டெல்டாவின் கீழ்ப்பகுதிக்குக் கேட்கிறது. கொடைக்கானல் எப்.எம். மலை உச்சியில் இருப்பதால் 100.5-ல் வெகுதூரம் வருகிறது. மீடியம் வேவ் தூரம் போகும். இரவில் இன்னும் தூரம் போகும். ஆனால் இடி மின்னலில் கரகரக்கும். நாட்டில் பல மீடியம் வேவ் ஒலிபரப்பிகள் அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டன. ஆதலால் முன்னே கேட்ட நிலையம் இன்றும் அங்கேயே இருக்கும் என்று நம்பியிருக்காமல், இப்போதே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முள்ளை மெல்லத் திருப்பி, எந்த நிலையங்கள் கேட்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு நிலையமாவது வேண்டும். ஒன்று கிழக்கே என்றால் மற்றொன்று மேற்கேயோ வடக்கேயோ இருப்பது நல்லது. கடலோர நிலையத்தைப் புயல் சாய்த்தாலும் உள்நாட்டு நிலையம் பேசும். கேட்கும் இடத்தில் முள்ளுக்கு மேல் பிள்ளைகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால் இருட்டில் டார்ச்சு வெளிச்சத்தில் கிழவியும் பிடித்துவிடுவாள். செய்தி நேரங்களை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டிவிடலாம்.

மீடியம் வேவ் சரியாகக் கேட்காவிட்டால் பெட்டியையே கால்வட்டம் திருப்ப வேண்டும். அதற்கான ஏரியல் பெட்டிக்குள் ஒரு கட்டையாகப் படுத்திருக்கிறது. திசை மாறினால் ஒலி கூடும். வெளியே இழுக்கும் கம்பி எப்.எம்.முக்குத்தான். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் அருகே வைத்தால் இரைச்சல் வரும். கூரைக்கு மேல் கம்பி கட்டி ஏரியல் இழுத்திருந்தால் மின்னல் நேரத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

பாட்டரி விஷயத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். செல்லைப் பெட்டிக்குள்ளேயே ஆறு மாதம் விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். செல்லைத் தனியே, பெட்டியைத் தனியே பாலிதீன் பையில் கட்டி, வெள்ளம் ஏறாத உயரத்தில் வைப்பது நல்லது. அமாவாசைக்கு அமாவாசை எடுத்துப் போட்டு ஐந்து நிமிடம் பாடவிட்டுப் பார்த்தால் பெட்டியும் பழுதில்லாமல் இருக்கும். புயல் அறிவித்த மறுநாள் கடையில் மெழுகுவத்தியும் செல்லும் இருக்காது. புரட்டாசியிலேயே இரண்டு ஜோடி வாங்கி வைக்க வேண்டும்.

தனிப் பெட்டி வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பட்டன் வைத்த சாதாரண செல்போன்கள் பலவற்றில் எப்.எம். இருக்கிறது. காதில் மாட்டும் ஒயரைச் செருகினால் அதுவே ஏரியல். கோபுரம் விழுந்தாலும் இந்த எப்.எம். பாடும். புயலுக்கு முன் முழுச் சார்ஜ் ஏற்றி, பேசாமல் வைத்திருந்தால் பல மணி நேரம் தாங்கும்.

கேட்டதைப் புரிந்துகொள்ள

வானொலி சொல்லும் சொற்களுக்குக் கணக்கு இருக்கிறது. ‘கனமழை’ என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. ‘மிக கனமழை’ 12 முதல் 20 செ.மீ. ‘அதி கனமழை’ அதற்கும் மேல். ஒரு செ.மீ. மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். ஆக, மிக கனமழை என்றால் ஏக்கருக்கு ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் லிட்டர். வடிகால் தூர்ந்து கிடக்கும் வயலுக்கு அது எத்தனை நாள் நிற்கும் என்று அவரவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் ‘புயல்’ என்று பெயர். அதற்குக் கீழே தாழ்வு மண்டலம். 89-ஐத் தாண்டினால் தீவிரப் புயல், 118-ஐத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல். காற்று குறைவு என்பதால் தாழ்வு மண்டலத்தை அலட்சியம் செய்யக் கூடாது; மழையில் அது புயலுக்கு அண்ணனாக இருப்பதுண்டு.

துறைமுகக் கூண்டு எண்ணைக் கேட்டு மிரள்கிறவர்கள் அதிகம். 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது வெகு அருகில். பதினோராம் எண் ஒன்றும் உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். செய்தி நிற்பதையே ஓர் அபாயமாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் கடல்காரர்கள்.

அறிவிப்பு ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. கடுமையான வானிலைக்கு ஏறக்குறைய 72 மணி நேரம் முன்பே முதல் கண்காணிப்புச் செய்தி வரும். 48 மணி நேரத்துக்கு முன் அடுத்த நிலை. 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. கரையைக் கடக்க 12 மணி இருக்கும்போது, கடந்தபின் உள்நாட்டில் எப்படி இருக்கும் என்ற அறிக்கை. முதல் செய்தி கேட்டதுமே மேலுரமும் மருந்தடிப்பும் நிறுத்த வேண்டியவை. தென்னைக்குத் தண்ணீர் கட்டுவதை நிறுத்தி, முற்றிய காயையும் அடி மட்டைகளையும் இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும். இரண்டாம் செய்திக்கு வடிகால் வெட்டு, வாழைக்குச் சவுக்குக் கழி முட்டு, முற்றிய தார் அறுப்பு. மூன்றாம் செய்தி வந்தபின் வயலில் வேலையில்லை. மாட்டைக் கொட்டகையில் கட்டிப்போடாமல் மேட்டுக்கு ஓட்டிவிட்டு, விதைநெல்லையும் பத்திரங்களையும் பரணேற்றிவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு கட்டவும் கூடாது. கஜாவை முதல் நாட்களில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே எதிர்பார்த்தார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் வந்தது வேதாரண்யம் பக்கம். முதல் செய்தியோடு வானொலியை மூடியவன் நமக்கில்லை என்று தூங்கியிருப்பான். கரையேறியபின்னும் அது விடவில்லை. புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியே போய்க் கொடைக்கானல் மலைவரை சேதம் செய்தது. வானொலி கடலோரத்தானுக்கு மட்டும் என்று உள்நாட்டு விவசாயி நினைக்க இடமில்லை.

நடு இரவில் காற்று திடீரென்று ஓய்ந்துவிட்டால் மிகுந்த கவனம் வேண்டும். புயலின் கண் தலைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். தப்பித்தோம் என்று மாட்டைப் பார்க்கவும் விழுந்த ஓட்டை எடுக்கவும் வெளியே போவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். வடக்கிலிருந்து அடித்த காற்றுக்குச் சாய்ந்து நின்ற மரம் தெற்கிலிருந்து அடிக்கும்போதுதான் விழும். முழுவதும் கடந்துவிட்டது என்று வானொலி சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இதற்காகவே ஒரு பெட்டி வாங்கலாம்.

வானிலைக்காரன் சொன்னான், ஒன்றும் வரவில்லை, பச்சைக் காயை இறக்கி நட்டப்பட்டதுதான் மிச்சம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அறுத்த தாருக்குச் சந்தையில் பாதி விலைதான். ஆனால் நான்கு தடவை பாதி விலைக்கு விற்ற நட்டத்தையும், ஐந்தாவது தடவை முழுத் தோட்டமும் போவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். தென்னையில் கணக்கு இன்னும் கடுமை. போன தார் பத்து மாதத்தில் திரும்ப வரும். போன நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம்.

வானொலிக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. புயல் இரவில் சிறப்பு ஒலிபரப்பு நடத்தும் வழக்கம் அதற்கு இருக்கிறது. அதை விடிய விடிய, ஒவ்வொரு மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் என்று நேரம் வைத்துச் செய்தால், கேட்கிறவன் மற்ற நேரம் பெட்டியை அணைத்து செல்லை மிச்சம் பிடிப்பான். அட்சரேகை, தீர்க்கரேகை என்று படிப்பதைக் குறைத்து, எந்தத் தாலுகா, எந்த ஆறு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் புரியும். அணை திறக்கும் செய்தியும் அதே ஐந்து நிமிடத்தில் வரவேண்டும். கடலோர மாவட்டங்களில் கேட்கும் மீடியம் வேவ் நிலையங்களைச் செலவுக் கணக்குப் பார்த்து மூடுவது சரியல்ல. வருடத்தில் முன்னூற்று அறுபது நாள் யாரும் கேட்காமல் இருக்கலாம். மீதி ஐந்து நாளுக்காகவே அது வேண்டும்.

வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டபின், 1972-ல் கிராமத் தொண்டர் படை ஒன்று அமைத்தார்கள். தொண்டர் குழுவின் கருவிகளில் முக்கியமானவை ஒரு டிரான்சிஸ்டரும் கையொலிபெருக்கியும்தான். வானொலியைக் கேட்பார்கள், தெருத்தெருவாகச் சொல்வார்கள், கொடி ஏற்றுவார்கள். அந்நாட்டில் புயல் சாவு இன்று வெகுவாகக் குறைந்திருப்பதற்கு இந்தப் படையும் ஒரு காரணம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஊராட்சிக்கு இரண்டு வானொலி, இரண்டு கையொலிபெருக்கி, இரவில் முறை வைத்து விழித்திருக்க நாலு இளைஞர்கள். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் மின்சாரம் இருக்கும்வரை உதவும், அதன்பின் கையொலிபெருக்கிதான். அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடுகிறபோது விவசாயிகள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். பருவமழை தொடங்க அப்போது இரண்டு மூன்று வாரமாவது பாக்கி இருக்கும்.